இரண்டு மரை

எரியாத விளக்கோடுதான் வண்டிகள் தௌபீக்கின் கடைக்கு வரும். ஃபியூஸ் போயிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், பல்பு கறுத்துப் போயிருக்கும். அணைய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற விளக்கோடு வருவது வருஷத்துக்கு நாலைந்து வண்டிதான். அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் புருஷோத்தமனின் வெள்ளைக் கார் அப்படித்தான் வந்து நின்றது. சாவியை உருவிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அவர் நடந்து வந்த பிறகும் பின்னால் இரண்டு பிரேக் லைட்டும் வெயிலில் செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தன.

"இன்னாண்ணே, உள்ள யாரு பிரேக்க மிதிச்சிகினு கீறாங்க?" என்றான் தௌபீக்.

"எங்க மாமியாருதான். எறங்கவே மாட்டேங்குது." புருஷோத்தமன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சிரிக்காத பாய். நாலு நாளா இதே பேஜாரு. மொத நாளு நைட்டு பூரா எரிஞ்சி, காலைல பாத்தா பேட்டரி செத்துக் கெடந்துச்சி. அதுலேர்ந்து தெனம் சாயங்காலம் பேட்டரி ஒயரக் கழட்டறேன், காலைல மாட்றேன். மாட்ட அவுத்துக் கட்ற மாதிரி கார அவுத்துக் கட்டிகினு கீறியேன்னு எம் பொண்டாட்டி சிரிக்கிறா."

அவர் மானாம்பதிப் பக்கத்து ஆள். நெல் போடுகிறவர். காருக்கு இருபது வயது. அவர் கைக்கு வருமுன் இரண்டு பேரிடம் அடிபட்ட வண்டி. பின் சீட்டில் இரண்டு நெல் மூட்டைகளை நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார். வீட்டுச் சோற்றுக்கான நெல். வாலாஜாபாத் மில்லில் அரைத்தால்தான் குருணை விழாது என்பது அவர் கட்சி.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், தகரம் போட்ட ஒரே காம்பவுண்டுக்குள் நாலு கடை. தௌபீக் எலெக்ட்ரீஷியன். பக்கத்து ஷெட் ராஜாராம், மெக்கானிக். அதற்கடுத்து டிங்கர், கடைசியில் பஞ்சர் கடை. ஒயர் எல்லாம் தௌபீக்குக்கு, ஆயில் எல்லாம் ராஜாராமுக்கு. அவன் ஒயரைத் தொட மாட்டான், இவன் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்க மாட்டான். முன்பு ஒருமுறை ராஜாராம் ஒரு வேனுக்கு ஹாரன் மாட்டிக் கொடுத்ததற்காக, "என் சோத்துல கை வைக்கிறியா" என்று தௌபீக் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அதிலிருந்து இரண்டு பேரும் கோடு தாண்டியதில்லை. அணையாத விளக்கு, விளக்குதான். அதனால் அது தௌபீக்கின் வேலை. மேலும் ராஜாராம் அப்போது கடையில் இல்லை. மதுராந்தகத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான்.

தௌபீக் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டான். பிரேக் பெடலின் கழுத்துக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். கட்டைவிரல் அளவுதான். அதன் முனையில் ஒரு சின்ன ஊசி. காலை எடுத்ததும் பெடல் மேலே போய் அந்த ஊசியை அமுக்கும், விளக்கு அணையும். மிதித்தால் பெடல் கீழே இறங்கும், ஊசி வெளியே வரும், விளக்கு எரியும். அவ்வளவுதான் சமாசாரம்.

அவன் விரலால் ஊசியை அமுக்கினான்.

"அணஞ்சிடுச்சி!" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கத்தியது. அவன் மகள் சபா. ஆறு வயசு. எப்போது வந்தாளோ தெரியவில்லை, காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

விரலை எடுத்தான்.

"எரியுது அத்தா!"

அப்படியானால் சுவிட்ச் நல்ல சுவிட்ச். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு வேறு. பெடலில் ஊசி படுகிற இடத்தில் ஒரு ரப்பர் பொத்தான் உண்டு. வெயிலில் காய்ந்து காய்ந்து ஒரு நாள் அது பொடிந்து விழும். ஊசி ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு அறுத்து அடைத்தால் போதும். முப்பது வண்டிக்காவது அப்படி அடைத்திருப்பான். அதற்கென்றே பிய்ந்த செருப்பு ஒன்று அவன் பெட்டியில் கிடந்தது.

ஆனால் இந்தக் காரில் பொத்தான் பொத்தானாகவே இருந்தது. விரிசல்கூட இல்லை. பெடல்தான் ஊசியைத் தொடாமல் ஒரு நூல் கீழே நின்றது.

வெளியே புருஷோத்தமன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேட்டரி ஒயரில் தான் போட்டிருந்த முடிச்சை மெஹர்பானுவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மெஹர்பானு தௌபீக்கின் மனைவி. வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போகப் பையும் பிள்ளையுமாகக் கிளம்பி, பஸ் வருகிறவரைக்கும் போனைக் கடையில் சார்ஜ் போட வந்திருந்தாள்.

"எல்லாம் நானே பாத்துக்குவேம்மா," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது டேஷ்போர்டுக்கு அடியில் கேட்டது. "பிரேக் ஆயிலு கொறஞ்சி கெடந்துச்சி. போன வாரம் நாந்தான் ஊத்துனேன். டிராக்டருக்கு வாங்குனது கேன்ல இருந்துச்சில்ல, அதுலேர்ந்து. கேட்டியா பாய்?"

"ம்," என்றான் தௌபீக். வாயில் டார்ச் இருந்தது. காதில் விழுந்தது, ஆனால் அது ஆயில் சமாசாரம்.

பெடல் ஏன் மேலே வரவில்லை என்பது ராஜாராமின் கேள்வி. விளக்கை அணைப்பது தன் வேலை. அவன் சுவிட்சின் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சைத் திருகி இரண்டு மரை, இரண்டே சுற்று, கீழே இறக்கினான். பெடல் நின்ற இடத்திலேயே ஊசி அதன் மேல் போய் அமுங்கியது.

"அணஞ்சிடுச்சி!"

நட்டை இறுக்கினான். கையால் பெடலை அழுத்தினான்.

"எரியுது!"

விட்டான்.

"அணஞ்சிடுச்சி அத்தா, அணஞ்சிடுச்சி!" சபா கை தட்டினாள்.

"பாத்தியா, உம் பொண்ணே எலெக்ட்ரீஷன் ஆயிட்டா. இனிமே உனுக்கு வேலையில்ல பாய்," என்று புருஷோத்தமன் சிரித்தபடி சட்டைப்பையில் கை விட்டார்.

"அதெல்லாம் வேணாம்ணே. பத்து நிமிஷ வேலை. வாலாஜாபாத்துதான போற? இவங்கள அப்படியே எறக்கி வுட்டுடு. பஸ்ஸு இன்னிக்கி நிக்க எடம் இருக்காது."

"இத்த நீ சொல்லணுமா? வாம்மா."

மெஹர்பானு முன் சீட்டில் ஏறினாள். மடியில் உட்காருவேன் என்று அடம்பிடித்த சபாவைத் தூக்கி, நெல் மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார வைத்தது தௌபீக்தான். "புள்ளைங்க பின்னாடிதான் உக்காரணும். அதான் பத்திரம்," என்றான். கதவை அவனே சாத்தினான், பூட்டு விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தான்.

கார் வாசலில் திரும்பும்போது பிரேக் லைட் ஒருமுறை எரிந்து அணைந்தது. சாலையில் ஏறிப் போயிற்று.

ராஜாராம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை ஆகியிருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று குடித்தார்கள்.

"யார்னா வந்தாங்களா?"

"மானாம்பதி புருஷோத்தமண்ணன் வந்தாரு. பிரேக் லைட்டு அணையல. அணைச்சி அனுப்புனேன்." தௌபீக்குக்குச் சிரிப்பு வந்தது. "உன் வேலைக்கும் ஆப்பு வச்சிட்டாருடா அந்தாளு. பிரேக் ஆயிலு அவரே ஊத்திக்கிறாராம். டிராக்டர் கேன்லேர்ந்து."

ராஜாராம் டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"எதுலேர்ந்து?"

"டிராக்டருக்கு வாங்குன கேன்லேர்ந்துன்னாரு."

"டேய், டிராக்டருக்கு ஊத்தறது கியர் ஆயில்டா. அதுல பிரேக்கு அந்த ஆயில்லயே முங்கிக்கினு ஓடும். காருக்கு அத்த ஊத்தலாமா? காரு பிரேக்குல உள்ள அத்தினியும் ரப்பரு. அந்த ஆயிலு பட்டா ரப்பரு ஊறி உப்பிப் பூடும்." அவன் கிளாசைத் தரையில் வைத்தான். "பெடல் மேல வந்துச்சா?"

தௌபீக் கார் போன திசையைப் பார்த்தான்.

"பாய், உன்னத்தான் கேக்கறேன். பெடல் மேல வந்துச்சா இல்லியா?"

"ஒரு நூலு கீழ நின்னுச்சி."

"அப்புறம் எப்படி லைட்டு அணைஞ்சிச்சி?"

"சுவிட்ச ரெண்டு மரை எறக்கி வச்சேன்."

ராஜாராம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அவன் அப்படிச் செய்து தௌபீக் பார்த்ததே இல்லை. இஞ்சின் வெடித்து வந்த லாரியைப் பார்த்துக்கூட வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறவன்.

"லைட்டு சரியாதான்டா எரிஞ்சிகினு இருந்துச்சி! வண்டி நெசமாவே பிரேக் புடிச்சிகினு இருந்துச்சி, அதான் லைட்டு எரிஞ்சிச்சி. மிதிச்ச ஆயிலு திரும்பி மேல வர வழி அடைச்சிக்கிச்சி. லேசா புடிக்கும் மொதல்ல. ஓட ஓட சூடாவும். சூடாவ ஆவ இன்னும் இறுக்கும். அப்பால நாலு வீலும் நடு ரோட்ல கட்டிக்கினு நின்னுடும். காலே வைக்காம நின்னுடும். பின்னாடி வர்றவனுக்கு லைட்டும் எரியாது, நீதான் அணைச்சி வுட்டுட்டியே... அந்தாளு எங்க போனாரு?"

"வாலாஜாபாத்து."

"அந்த ரோட்டுலயா? குவாரி டிப்பரு எறும்பு மாதிரி வருமே. போன் போடு, நிறுத்தச் சொல்லு!"

"ராஜாராமு," என்றான் தௌபீக். "மெஹரும் சபாவும் அதுலதான் போறாங்க."

புருஷோத்தமனின் நம்பருக்குப் போட்டான். சாமி பாட்டு ஒன்று முழுசாகப் பாடி முடிந்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனுஷன். மெஹர்பானுவின் நம்பருக்குப் போட்டான். மணி அடித்தது. அவனுக்குப் பின்னாலேயே அடித்தது. திரும்பிப் பார்த்தான். சுவரில், சார்ஜர் ஒயரில் தொங்கிக்கொண்டு அவளுடைய போன் வெளிச்சம் போட்டு ஆடியது. திரையில் அவன் பெயரே எழுதியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எடுத்துக் காதில் வைத்துப் பேசினால் அவள் பேசிவிடுவாள் போல இருந்தது. ராஜாராம் பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

சாலையில் ராஜாராம் பின்னால் இருப்பவனைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஓட்டினான். குவாரிப் பொடி பறந்து கண்ணில் அடித்தது. டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்லை ஏற்றிக்கொண்டு எதிரிலும் முன்னாலும் போயின. ஒவ்வொரு டிப்பரைத் தாண்டும்போதும் தௌபீக் அதற்கு முன்னால் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தான். இல்லை. இன்னொரு டிப்பர். இல்லை. கையில் மெஹர்பானுவின் போன் இருந்தது. எப்போது பிடுங்கினான் என்று தெரியவில்லை. சார்ஜர் ஒயர் பாதி அறுந்து அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வழி நெடுக இருபுறமும் நாற்று நட்ட வயல். கொக்கு ஒன்று எழும்பாமல் நின்றுகொண்டிருந்தது. நல்ல வெயில்.

பதினைந்து கிலோமீட்டர் தாண்டி, திருமுக்கூடல் நெருங்கும்போது வாடை வந்தது. பிரேக் லைனிங் கருகுகிற வாடை. ராஜாராமின் தோள் இறுகியது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மூட்டையெல்லாம் கிழிஞ்சி ரோடெல்லாம் நெல்லு," என்று ஒருவன் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

தௌபீக் ஓடுகிற பைக்கிலிருந்து குதித்தான். முழங்கால் தார் ரோட்டில் தேய்ந்தது. எழுந்து ஓடினான்.

வெள்ளைக் கார் பாலத்தின் வாயில் குறுக்காக நின்றது. முன் சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் பாதி இல்லை. டிக்கி பின் சீட்டுக்குள் போயிருந்தது. ஐந்தடி தள்ளி ஒரு டிப்பர், பம்பர் மடங்கி, ஓரமாகத் திரும்பி நின்றது. தார் முழுக்க நெல். அவன் சாத்திப் பூட்டி இழுத்துப் பார்த்த அந்தக் கதவு மடங்கியிருந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னலில் அவன் எட்டிப் பார்த்தான். சபாவை உட்கார வைத்த இடத்தில் நெல் குவிந்திருந்தது. கழுத்தளவுக்கு.

இரண்டு கையாலும் அள்ளினான். அள்ளி வெளியே கொட்டினான். நெல் சரிந்து சரிந்து அதே இடத்தில் நிரம்பியது. இன்னும் அள்ளினான். சாக்கு கையில் சிக்கியது, இழுத்தான், அது வரவில்லை. கண்ணாடித் துண்டு உள்ளங்கையைக் கிழித்தது. நெல்லில் ரத்தம் ஒட்டியது. அது தன் ரத்தமா என்று அவனுக்குத் தெரியவில்லை. வாய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறோம் என்றும் தெரியவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவன் முழங்கையால் இடித்தான்.

"அங்க இல்லடா! பாய், அங்க இல்ல! தோ, அங்க பாரு!"

ராஜாராம் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரின் நிழலில் மெஹர்பானு உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைச் சுருட்டி நெற்றியில் அழுத்தியிருந்தாள். துணி நனைந்து ரத்தம் புருவத்தில் வழிந்திருந்தது. மடியில் சபா. யாரோ கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, ஏன் நெல்லெல்லாம் கொட்ற?"

அவன் கிட்டே போய் மண்டியிட்டான். அவள் தலையைத் தொட்டான். காலைத் தொட்டான். பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் மெஹர்பானு. "கொஞ்ச தூரம் வந்ததுமே ஒரே கருகல் நாத்தம். வண்டி போவவே மாட்டேங்குது, அண்ணன் ஆக்சிலேட்டர மிதிமிதின்னு மிதிக்கிறாரு. இவ வாந்தி வருதுன்னா. முன்னாடி தூக்கி மடில வச்சிக்கினு ஜன்னல எறக்குனேன். அஞ்சு நிமிஷம்கூட ஆவல. வண்டி அப்படியே நின்னுடுச்சி. அண்ணன் பிரேக்குல காலே வைக்கல. வச்ச காலு ஆக்சிலேட்டர்ல. பாத்துகினே இருந்தேன். அடுத்தது டமால்னு..." அவள் நிறுத்தினாள். "மூட்டை இருந்ததால தப்பிச்சோம்னு எல்லாரும் சொல்றாங்க. பின்னாடி உக்காந்திருந்தா..."

பின்னாடி உட்கார வைத்தவன் அவன். அவள் அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. டிப்பர் பக்கம் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் டிரைவர். பெயர் கேட்டவர்களிடம் சாமுவேல் என்று சொல்லியிருந்தான். சட்டை இரண்டாகக் கிழிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. கையைக் கூப்பிக்கொண்டே பேசினான்.

"குடிக்கலண்ணே. வாயி மோந்து பாருங்க. கார்ல லைட்டு எரியலண்ணே. போய்க்கினே இருந்த வண்டி பட்டுனு நின்னுடுச்சி. பிரேக் லைட்டு எரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். பாத்துகினுதாண்ணே வந்தேன். சத்தியமா லைட்டு எரியல."

"லோடுக்கு லோடு ஓட்டத் தெரியுது, நிறுத்தத் தெரில. லைட்டு எரியலயாம் லைட்டு!" என்று ஒரு பச்சைச் சட்டைக்காரன் சாமுவேலின் பிடரியில் அறைந்தான்.

புருஷோத்தமன் காரின் முன்பக்கம் சாய்ந்து நின்றிருந்தார். "லைட்டெல்லாம் எரியும்பா," என்றார். "இன்னிக்கிக் காலைலதான் பாய் கடைல சரி பண்ணிக்கினு வர்றேன். அவரே கையால மிதிச்சிக் காட்னாரு."

"இரு, இவன் பொய்ய இப்பவே காட்றேன்." பச்சைச் சட்டைக்காரன் காருக்குள் காலை நீட்டிப் பெடலை மிதித்தான். இடது பக்க விளக்கு நொறுங்கிக் கிடந்தது. வலது பக்கத்தில், பாதி உடைந்த சிவப்புக் கண்ணாடிக்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா! எரியுது! ஒழுங்கா எரியுது! இவன் பொய் சொல்றான்!"

கூட்டத்துக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சாமுவேல் கீழே விழுந்தான். அவன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழுவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. கண்ணால் பார்த்ததைப் பொய் என்று அந்த விளக்கே எரிந்து சொல்லிவிட்டது. அவன் வாய் திறந்தபடி இருந்தது.

தௌபீக் எழுந்தான். நடந்தான்.

"அவர் மேல கை வைக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை. அவன் நுழைந்து, சாமுவேலுக்கு மேலே குனிந்து நின்றான். அவன் முதுகில் ஒரு உதை விழுந்தது.

"அவரு சொல்றது நெசம்! லைட்டு எரியல! நான்தான் அணைச்சேன்!"

"யாருய்யா நீ?"

"எலெக்ட்ரீஷன். அந்த வண்டில என் பொண்டாட்டியும் புள்ளையும் வந்தாங்க. தோ உக்காந்து கீறாங்க. வண்டிக்கு லைட்டு பாத்தது நான். அணைச்சது நான்."

பச்சைச் சட்டைக்காரன் காரைக் காட்டினான். "இப்ப எரிஞ்சிச்சே?"

"நீ மிதிச்ச, எரிஞ்சிச்சி. அண்ணன் மிதிக்கவேல்ல. வண்டி தானா பிரேக் புடிச்சி நின்னுடுச்சி. மிதிக்காம நின்னா லைட்டு எரியாத மாதிரி நான் பண்ணி வச்சிட்டேன்."

ராஜாராம் அதற்குள் காரின் பானெட்டைத் தூக்கியிருந்தான். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் தண்ணீரில் ஊறிய வடை மாதிரி உப்பி, மடிந்து, வெளியே பிதுங்கியிருந்தது. விரலால் தொட்டதும் நசுங்கியது.

"யண்ணே," என்று புருஷோத்தமனிடம் நீட்டினான். "டிராக்டர் ஆயிலு ஊத்துன இல்ல? உள்ள கீற ரப்பர் அத்தினியும் இப்படித்தான் கீது."

புருஷோத்தமன் அதை வாங்கவில்லை. வெறித்துப் பார்த்தார்.

"டிராக்டர்லயும் ஆயில் பிரேக்குதானப்பா? பானெட்லயே எழுதி ஒட்டி வச்சிருக்கான். ஆயில் பிரேக்குன்னு." கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். யாராவது ஆமாம் என்று சொல்வார்கள் என்று. அந்தக் கூட்டத்தில் டிராக்டர் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, "நானும் போன மாசம் அதத்தான்யா ஊத்துனேன்," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த தன் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"பேசறது எல்லாம் சரி," என்றான் பச்சைச் சட்டைக்காரன். குரல் இறங்கியிருந்தது. "லைட்டு எப்படி எரியாம போச்சின்ற?"

தௌபீக் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ராஜாராமின் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை உருவினான். காரின் திறந்த கதவில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்தான். முதுகுக்கு அடியில் நெல் குத்தியது. கிழிந்த உள்ளங்கையில் ஸ்பேனர் வழுக்கியது. டார்ச் இல்லை. தேவைப்படவும் இல்லை. லாக் நட்டைத் தளர்த்தினான். ஒரு மணிநேரத்துக்கு முன் இறக்கிய இரண்டு மரையையும் திருப்பி ஏற்றினான்.

வெளியே புகை நின்ற சக்கரத்திலிருந்து டிக் டிக்கென்று சூடு ஆறுகிற சத்தம்தான் கேட்டது.

"எரியுது அத்தா," என்றாள் சபா, சுவரோரத்திலிருந்து.

அவன் எழுந்து வந்தான். பெடலில் யார் காலும் இல்லை, கையும் இல்லை. உடைந்த கண்ணாடிக்குள் அந்த ஒற்றைப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் இரண்டு அடி பின்னால் போனான். சாமுவேல் தரையில் உட்கார்ந்தபடியே, கிழிந்த சட்டையால் உதட்டைத் துடைத்துவிட்டு விளக்கைப் பார்த்தான். பிறகு தௌபீக்கைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஆம்புலன்ஸ் பழைய சீவரம் பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறி வந்தது. மெஹர்பானுவைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். சபா அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். தௌபீக்கும் படியில் காலை வைத்தான்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள் மெஹர்பானு. கோபமாகச் சொல்லவில்லை. நெற்றித் துணியை மாற்றி அழுத்திக்கொண்டே, காய்கறி வாங்கச் சொல்கிற குரலில் சொன்னாள். "போலீசு வரும். நீங்க இல்லன்னா மறுபடியும் அந்த டிப்பர் மனுசனத்தான் புடிப்பாங்க. அவரு ஒண்டியா கீறாரு."

"தையல் போடணும் மெஹர். நான் இல்லாம..."

"எங்க அண்ணன் வாலாஜாபாத்துல வந்து நிப்பாரு. அந்தப் போனக் குடுங்க."

அவன் அறுந்த ஒயரோடு போனைக் கொடுத்தான். அவள் ஒயரைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்க்க அவன் கை தானாகப் போய், பாதியில் நின்றது.

ஆம்புலன்ஸ் வாலாஜாபாத் பக்கம் திரும்பி மறைந்தது. அவன் திரும்பி வந்து, சாமுவேலுக்குப் பக்கத்தில் தார் ரோட்டில், நெல்லின் மேல் உட்கார்ந்தான். பேட்டரி ஒயரைக் கழற்றி விடட்டுமா என்று ராஜாராம் கேட்டான்.

"வேணாம்," என்றான் தௌபீக். "போலீசு வந்து பாக்கற வரைக்கும் எரியட்டும்."